மூலைவிட்டம் எங்கே போய் விழுகிறது?

வணக்கம்.

எண்களைப் பற்றி நீங்கள் எழுதிய பழைய குறிப்பு ஒன்றில் ஜெர்மன் கணிதவியலாளர் கேண்டரின் மூலைவிட்ட வாதத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போயிருந்தீர்கள். நான் மென்பொருள் எழுதுபவன். கணிதம் கல்லூரியோடு விட்டுப்போனது. ஆனால் அந்த ஒரு வரி என்னை விடவில்லை. தேடிப் படித்தேன். புரிந்த மாதிரி இருக்கிறது, ஒப்புக்கொள்ளத்தான் முடியவில்லை.

0க்கும் 1க்கும் இடையிலுள்ள எல்லா எண்களையும் பட்டியல் போட்டுவிட்டதாக வைத்துக்கொள். முதல் எண்ணில் முதல் இலக்கத்தை மாற்று, இரண்டாவது எண்ணில் இரண்டாவது இலக்கத்தை மாற்று, இப்படியே போனால் கிடைக்கும் எண் பட்டியலில் இருக்காது என்கிறார்கள். சரி, இல்லை. அந்த ஒரு எண்ணைக் கொண்டுவந்து பட்டியலின் தலையில் சேர்த்துவிட்டால் போயிற்று. முடிவே இல்லாத பட்டியலில் இன்னும் ஒன்றுக்கா இடமில்லை?

இரண்டாவது, இதே வேலையை 1, 2, 3 என்ற சாதாரண எண்களிடமும் காட்டலாமே? அவற்றையும் பட்டியலிட முடியாது என்றல்லவா ஆகிவிடும்?

மூன்றாவது, ஒரு புரோகிராம் நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா என்று சொல்லும் புரோகிராமை எழுத முடியாது என்பதற்கும் இதே வாதம்தானாம். கணிதத்தில் நிரூபிக்க முடியாத உண்மைகள் உண்டு என்ற கோடல் தேற்றத்துக்கும் இதுவேயாம். ஒரே சாவி இத்தனை பூட்டுகளைத் திறந்தால் சாவியின் மேல்தான் சந்தேகம் வருகிறது. எங்கேயோ ஏதோ தப்பு இருக்கிறது என்றே தோன்றுகிறது. கல்லூரியில் அணிகளை மூலைவிட்டமாக்கினோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சின்னது. சம்பந்தம் இல்லை. அணியை மூலைவிட்டமாக்குவது என்பது, அச்சுகளை வேறு விதமாகத் தேர்ந்தெடுத்து, மூலைவிட்டத்தில் மட்டும் எண்கள் நிற்க, மற்ற இடமெல்லாம் பூச்சியமாகும்படி செய்வது. இரண்டுக்கும் பெயர் மட்டும் ஒன்று.

இனி உங்கள் சந்தேகம். "எங்கேயோ ஏதோ தப்பு இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை ஆங்கிலக் கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1936இல் எழுதியிருக்கிறார். இன்றைய கணினிக் கோட்பாட்டுக்கே அடித்தளமான அந்தக் கட்டுரையில், இலக்கத்தை மாற்றிப்போடும் நேரடி நிரூபணத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு, இது முற்றிலும் சரியானதுதான், ஆனால் 'ஏதோ தப்பு இருக்கவேண்டும்' என்ற உணர்வை வாசகரிடம் விட்டுச்செல்லக்கூடும் என்கிறார். அதோடு நிற்கவில்லை. அந்த உணர்வு வராத வேறொரு நிரூபணத்தை அந்த இடத்திலேயே கொடுக்கிறார். கட்டுரையை அனுப்பியபோது அவருக்கு 23 வயது. வாசகருக்கு வரும் சந்தேகத்தை மதித்து, அதற்காகவே இன்னொரு பாதை போட்டுக் கொடுத்த அந்தப் பத்தியை நான் பல முறை படித்திருக்கிறேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கேண்டர். அவர் 1891இல் இந்த வாதத்தை வெளியிட்டபோது தசம எண்களைத் தொடவே இல்லை. எம், டபிள்யூ என்று இரண்டே எழுத்துகள். அந்த இரண்டால் ஆன முடிவில்லாத வரிசைகளைப் பற்றித்தான் பேசினார். தசமத்தில் ஒரு சிறு தொல்லை உண்டு: 0.5 என்பதும் 0.4999... என்று போய்க்கொண்டே இருப்பதும் ஒரே எண்தான், ஆகவே இலக்கம் வேறுபட்டால் எண்ணும் வேறு என்று உடனே சொல்லிவிட முடியாது. மாற்றும்போது 4, 5 என்ற இலக்கங்களை மட்டும் பயன்படுத்தினால் அது சரியாகிவிடும். ஆனால் கேண்டரின் வழியில் அந்தத் தொல்லையே கிடையாது. நாமும் அப்படியே செய்வோம், எழுத்துக்குப் பதில் 0, 1 வைத்துக்கொள்வோம்.

ஒரு தாளை எடுத்து இப்படி எழுதுங்கள். ஒவ்வொரு வரிசையும் வலப்பக்கம் முடிவில்லாமல் போகிறது, நாம் பார்ப்பது மூலையை மட்டும்.

1ஆம் வரிசை: 0 1 1 0 1 ...
2ஆம் வரிசை: 1 1 0 0 0 ...
3ஆம் வரிசை: 0 0 0 1 1 ...
4ஆம் வரிசை: 1 0 1 1 0 ...
5ஆம் வரிசை: 1 1 1 0 0 ...

மூலைவிட்டமாக இறங்குங்கள்: 0, 1, 0, 1, 0. ஒவ்வொன்றையும் புரட்டிப் போடுங்கள்: 1, 0, 1, 0, 1. இது முதல் வரிசை இல்லை, முதல் இடத்தில் வேறுபடுகிறது. இரண்டாவது வரிசை இல்லை, இரண்டாவது இடத்தில் வேறுபடுகிறது. லட்சமாவது வரிசையா என்று கேட்டால், லட்சமாவது இடத்தைப் பார் என்பேன். அவ்வளவுதான் வாதம். இதில் ஒளித்து வைத்த இடம் எதுவும் இல்லை.

இப்போது நீங்கள் சொல்கிறபடி, 1 0 1 0 1 என்பதைத் தலையில் வைப்போம். பழைய வரிசைகள் எல்லாம் ஒரு படி கீழே இறங்கிவிட்டன. மூலைவிட்டம் இப்போது வேறு கட்டங்கள் வழியாகப் போகிறது: புதிய வரிசையின் முதல் இடம் 1, பழைய முதல் வரிசையின் இரண்டாம் இடம் 1, பழைய இரண்டாவதின் மூன்றாம் இடம் 0, அப்புறம் 1, அப்புறம் 0. புரட்டினால் 0 0 1 0 1. புதிய பட்டியலில் இது இல்லை. இதையும் சேர்ப்பீர்கள். நான் அடுத்ததைக் காட்டுவேன். முடிவில்லாமல் சேர்த்துக்கொண்டே போனாலும் பரவாயில்லை. அப்படிச் சேர்த்தவற்றையெல்லாம் பழையவற்றோடு ஒன்று விட்டு ஒன்றாகக் கோத்தால் மறுபடியும் ஒரு பட்டியல்தான் கிடைக்கும். அதற்கும் ஒரு மூலைவிட்டம் இருக்கும்.

இடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இடம் எப்போதும் உண்டு. ஆனால் இங்கே யாரும் இடத்தைப் பற்றிப் பேசவில்லை. "எண்களிலேயே மிகப் பெரியது எது?" என்று ஒரு குழந்தை கேட்கிறது. நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள், அது ஒன்றைக் கூட்டிச் சொல்கிறது. "சரி, அப்படியானால் அதுதான் மிகப் பெரியது" என்று நீங்கள் சொன்னால் குழந்தை சிரிக்கும். ஒன்றைக் கூட்டலாம் என்ற விதி எந்த எண் வந்தாலும் வேலை செய்யும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. மூலைவிட்டமும் அப்படி ஒரு விதி. நீங்கள் பட்டியலை நீட்டுங்கள், நான் எண்ணைக் காட்டுகிறேன். முதலில் பட்டியல், பிறகு எண். இந்த முன்பின் வரிசைதான் எல்லாம்.

இதை நான் இவ்வளவு விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாணவனாக இருந்தபோது எனக்கும் இதே இடத்தில்தான் கால் தடுக்கியது. சேர்த்துக்கொண்டே போய் எப்படியாவது மூலைவிட்டத்தை முந்திவிடலாம் என்று ஒரு நோட்டில் பக்கம் பக்கமாக முயன்றேன். பாடம் நடத்தியவரிடம் கேட்டபோது, தேர்வில் இதை அப்படியே எழுதினால் போதும், ஆராய வேண்டாம் என்றார். அந்தப் பதில் என்னை நெடுநாள் வருத்தியது. அவர் சொல்லியிருக்கக்கூடிய, சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான்: இது முரண்பாட்டு வழி நிரூபணமாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. "எல்லா எண்களையும் பட்டியலிட்டுவிட்டதாகக் கொள்வோம்" என்று ஆரம்பிப்பதால்தான் குழப்பம் தொடங்குகிறது. எல்லாவற்றையும் பட்டியலிட்டாயிற்று என்று ஒப்புக்கொண்ட பிறகு ஒன்று விட்டுப்போயிற்று என்றால், கேட்பவருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு வராமல் என்ன செய்யும்? அப்படி எதையும் கொள்ள வேண்டாம். ஏதோ ஒரு பட்டியல், எதுவானாலும் சரி. அதில் இல்லாத ஒன்றை இதோ எழுதிக் காட்டுகிறேன். எந்தப் பட்டியலும் முழுமையில்லை. இவ்வளவையும் நேர்வழியாகவே சொல்லிவிடலாம்.

உங்களைப் போல் இதோடு மல்லுக்கட்டியவர்கள் ஏராளம். தர்க்கவியலாளர் வில்ஃப்ரிட் ஹாட்ஜஸ், மூலைவிட்ட வாதத்தைத் தகர்த்துவிட்டதாகச் சொல்லி இதழ்களுக்கு வந்த கட்டுரைகளைப் பற்றியே 1998இல் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். அவர்களுக்கெல்லாம் நான் சொல்ல நினைப்பது, சாவியின் மேல் சந்தேகம் என்றால் பூட்டை ஒருமுறை பாருங்கள் என்பது. ஏனென்றால் கேண்டர் அதே பூட்டை 17 ஆண்டுகளுக்கு முன்பே, 1874இல், வேறு சாவியால் திறந்துவிட்டார். 1873 டிசம்பர் 7 அன்று சக கணிதவியலாளர் டெடகிண்டுக்கு எழுதிய கடிதத்தில் அந்த முதல் நிரூபணம் இருக்கிறது. அடுத்த ஆண்டு அச்சில் வந்த வடிவத்தில் இலக்கம் கிடையாது, மூலைவிட்டம் கிடையாது. பட்டியலின் முதல் இரண்டு எண்களை எடுத்து ஓர் இடைவெளி அமைக்கிறார். அந்த இடைவெளிக்குள் விழும் அடுத்த இரண்டு எண்களைப் பட்டியலில் தேடி, உள்ளே இன்னொரு இடைவெளி. அதற்குள் இன்னொன்று. இடைவெளிகள் சுருங்கிக்கொண்டே போகின்றன. எல்லாவற்றுக்கும் உள்ளே அடைபடும் ஒரு புள்ளி நிச்சயம் உண்டு, அது பட்டியலில் இருக்க முடியாது. மூலைவிட்டம் பிடிக்கவில்லையென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள், முடிவு மாறாது.

சரி, இரண்டாவது கேள்வி. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். சாதாரண எண்களிடம் இதே வேலையைச் செய்தால் என்ன?

செய்து பார்த்துவிடுவோம். 1, 2, 3 என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் இடப்பக்கம் முடிவில்லாமல் பூச்சியங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். வலமிருந்து இடமாக எண்ணுவோம். 1இன் ஒன்றாம் இலக்கம் 1. 2இன் பத்தாம் இலக்கம் 0. 3இன் நூறாம் இலக்கம் 0. அதன் பிறகு எல்லாமே 0தான். பூச்சியத்தை ஒன்றாகவும் மற்றதைப் பூச்சியமாகவும் மாற்றுவோம். வலக்கோடியில் 0, அதற்கு இடப்பக்கம் 1, 1, 1 என்று முடிவே இல்லாமல் போகும் ஒன்று கிடைக்கிறது: ...1110.

இது பட்டியலில் இல்லை என்பது உண்மை. ஆனால் இது என்ன? எந்தச் சாதாரண எண்ணுக்கும் இலக்கங்கள் எங்காவது ஓர் இடத்தில் முடிந்தாக வேண்டும். இது முடியவில்லை. ஆகவே இது சாதாரண எண்ணே இல்லை. பட்டியல் எதையும் தவறவிடவில்லை.

பாருங்கள், மூலைவிட்டம் தன் வேலையைப் பிசகாமல் செய்துவிட்டது. பட்டியலில் இல்லாத ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தது. அது எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை. விழுந்தது நாம் பட்டியலிட்ட இனத்துக்கு உள்ளேயா, வெளியேயா? உள்ளே விழுந்தால் பட்டியல் குறையுள்ளது. வெளியே விழுந்தால் பட்டியலுக்கு ஒரு பழுதும் இல்லை. மூலைவிட்டத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் இந்தக் கேள்வியைத்தான் வைத்துக்கொள்வேன்.

விகிதமுறு எண்களை, அதாவது பின்னங்களை, எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பட்டியலிட முடியும். தொகுதியையும் பகுதியையும் கூட்டினால் 2 வருபவை, 3 வருபவை, 4 வருபவை என்று எழுதிக்கொண்டே போகலாம். அந்தப் பட்டியலின் தசம இலக்கங்களில் மூலைவிட்டம் போட்டு மாற்றினால் வருவது ஒரு மெய்யெண். அது பட்டியலில் இல்லை, எல்லாப் பின்னங்களும் பட்டியலில் உண்டு, ஆகவே வந்திருப்பது பின்னம் இல்லை. விகிதமுறா எண் ஒன்று கையில் கிடைத்துவிட்டது! வெளியே விழுந்ததால் வீண் என்று நினைத்தோம், அது ஒரு புதிய பொருளைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. இதையே இன்னும் ஒரு படி மேலே செய்யலாம். முழு எண்களைக் கெழுக்களாகக் கொண்ட சமன்பாடுகளுக்குத் தீர்வாக வரும் மெய்யெண்கள், அதாவது மெய்யான இயற்கணித எண்கள், எல்லாவற்றையும் பட்டியலிடலாம் என்று கேண்டர் 1874இலேயே காட்டினார். அப்படியானால் அதற்கு வெளியே விழும் எண்ணும் உண்டு. அப்படிப்பட்ட எண்களைக் கணிதவியலாளர் லியூவில் 1844இல் அரும்பாடுபட்டு உருவாக்கியிருந்தார். பை அந்த வகையைச் சேர்ந்தது என்று லிண்டெமன் நிரூபித்ததோ 1882இல்தான்.

டூரிங்கும் இதே கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொண்டார். ஒரு இயந்திரம் இலக்கம் இலக்கமாக அச்சிட்டுத் தரக்கூடிய எண்களைக் கணிக்கத்தக்க எண்கள் என்றார். ஒவ்வொரு இயந்திரத்துக்கும், அதன் அமைப்பை முழுதாகக் குறிக்கும் ஒரு விவர எண் உண்டு, ஆகவே கணிக்கத்தக்க எண்கள் சாதாரண எண்களைவிட அதிகம் இருக்க முடியாது. மூலைவிட்டத்தைப் போட்டால் புதிதாக ஒரு கணிக்கத்தக்க எண் வந்துவிடாதா? வராது. மூலைவிட்டத்தை எழுத வேண்டுமென்றால், எந்த இயந்திரம் ஓயாமல் இலக்கம் தரும், எது நடுவில் முடங்கிப்போகும் என்று முதலில் பிரித்தெடுக்க வேண்டும். அதைச் செய்ய இயந்திர வழி கிடையாது. ஆகவே அந்த எண் இருக்கிறது, ஆனால் கணிக்கத்தக்கதாக இல்லை. வெளியே விழுந்துவிட்டது.

இயந்திர வழி கிடையாது என்பதற்கு அவர் கொடுத்த நிரூபணம்தான் நான் முன்னால் சொன்னது, தப்பு இருக்கிறது என்ற உணர்வைத் தராதது. நீங்கள் புரோகிராம் எழுதுபவர், இது உங்களுக்குப் பிடிக்கும். இதில் இலக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

நல்ல இயந்திரம் என்றால் ஓயாமல் இலக்கங்களை அச்சிட்டுக்கொண்டே இருப்பது என்று வைத்துக்கொள்வோம். எந்த இயந்திரத்தின் விவர எண்ணைக் கொடுத்தாலும் அது நல்லதா இல்லையா என்று நிச்சயம் பதில் சொல்லும் ஒரு சோதனைக் கருவி இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துப் புதிதாக ஓர் இயந்திரம் கட்டுகிறோம். அது 1, 2, 3 என்று ஒவ்வொரு எண்ணாக எடுத்து, "இது நல்ல இயந்திரத்தின் விவர எண்ணா?" என்று கருவியிடம் கேட்கிறது. இல்லையென்றால் அடுத்த எண்ணுக்குப் போகிறது. ஆம் என்றால், இதுவரை எத்தனை நல்லவை வந்தன என்று எண்ணுகிறது. ஏழாவது நல்ல இயந்திரம் என்றால், அதை ஓட்டிப் பார்த்து, அதன் ஏழாவது இலக்கத்தை அப்படியே அச்சிடுகிறது. மாற்றாமல், அப்படியே.

ஒவ்வொரு கட்டமும் முடியக்கூடிய வேலைதான். கருவி பதில் சொல்லிவிடும்; நல்ல இயந்திரம் ஏழாவது இலக்கத்தைத் தராமல் போகாது. அப்படியானால் நாம் கட்டியதும் நல்ல இயந்திரமே. அதற்கும் ஒரு விவர எண் உண்டு. எண்ணிக்கொண்டே வரும்போது ஒருநாள் அந்த எண், அதன் சொந்த எண், எதிரே வருகிறது. அது நூறாவது நல்ல இயந்திரம் என்று வைப்போம். இப்போது செய்யவேண்டியது என்ன? தன்னையே ஓட்டிப் பார்த்து, தன் நூறாவது இலக்கத்தைத் தெரிந்துகொண்டு அச்சிட வேண்டும். ஓட்டுகிறது. 99 இலக்கங்கள் ஒழுங்காக வருகின்றன. நூறாவது இலக்கத்துக்காக உள்ளே ஓடும் அந்தப் பிரதியும் தன் சொந்த எண்ணைச் சந்திக்கிறது. அதுவும் தன்னை ஓட்டிப் பார்க்கக் கிளம்புகிறது. அதற்குள் இன்னொன்று. "நூறாவது இலக்கம் எதுவோ அதை எழுது" என்பதுதான் அதற்குக் கிடைத்த கட்டளை, அந்த இலக்கம் எதுவென்று யாரும் எங்கேயும் சொல்லவில்லை. இயந்திரம் அந்த இடத்தைத் தாண்டவே தாண்டாது. நல்லது என்று கருவி சொன்ன இயந்திரம் முடங்கிவிட்டது. கருவி இருக்க முடியாது.

முரண்டு பிடிப்பதற்கென்றே செய்த இயந்திரம் அல்ல இது. சொன்னதை அப்படியே செய்ய முயன்ற ஒன்று, தன் வரிசையும் தன் பத்தியும் சந்திக்கும் கட்டத்தில் நிரப்ப எதுவும் இல்லாமல் நின்றுவிடுகிறது. மூலைவிட்டத்தின் உயிர் புரட்டிப்போடுவதில் இல்லை, அந்தச் சந்திப்பில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது இதைப் படித்த பிறகுதான்.

ஒரே சாவி இத்தனை பூட்டுகளை எப்படித் திறக்கிறது என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. பூட்டுகள் வேறு வேறு போலத் தெரிகின்றன, உள்ளே அமைப்பு ஒன்று. ஓர் அட்டவணை, அதன் வரிசைகளுக்கும் பத்திகளுக்கும் ஒரே பெயர்கள். கேண்டரிடம் வரிசை பட்டியலின் எண், பத்தி இலக்கத்தின் இடம், இரண்டுமே 1, 2, 3. டூரிங்கிடம் வரிசை எத்தனையாவது நல்ல இயந்திரம் என்பது, பத்தி அது அச்சிடும் இலக்கத்தின் இடம். கோடல் 1931இல் செய்தது, வாக்கியங்களுக்கு எண் கொடுத்து, அந்த எண்களைப் பற்றி அந்த வாக்கியங்களையே பேசவைத்தது. மூலைவிட்டத்தில் வந்து நின்றது, "எனக்கு நிரூபணம் இல்லை" என்று தன்னைப் பற்றியே சொல்லும் வாக்கியம். தத்துவவாதி ரஸ்ஸல், எல்லாவற்றையும் உள்ளடக்கிய கணம் ஒன்று இருந்தால், எந்தக் கணத்துக்கும் அதன் உறுப்புகளைவிட உட்கணங்கள் அதிகம் என்ற கேண்டரின் தேற்றம் அதில் என்ன சொல்லும் என்று ஆராயப்போய்த்தான், தன்னைத்தானே உறுப்பாகக் கொள்ளாத கணங்களின் கணத்தில் வந்து முட்டினார். அந்தக் கணம் தன்னை உறுப்பாகக் கொள்கிறது என்றாலும் முரண், கொள்ளவில்லை என்றாலும் முரண். 1902 ஜூனில் அதைத் தர்க்கவியலாளர் ஃப்ரெகெக்கு எழுதினார். இப்படிப்பட்ட கணங்களை நம்பி எண்கணிதத்தைக் கட்டிய ஃப்ரெகெயின் நூலின் இரண்டாம் தொகுதி அப்போது அச்சில் இருந்தது. இத்தனையும் ஒரே அமைப்பு என்பதைக் கணிதவியலாளர் லாவியர் 1969இல் ஒரே தேற்றமாகவே எழுதிவிட்டார்.

ஆனால் இந்தச் சாவி எல்லாப் பூட்டையும் திறக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 1930களில் தர்க்கவியலாளர் அலோன்சோ சர்ச், இயந்திரத்தனமாகக் கணிக்கக்கூடியவை எல்லாம் தன் குறியீட்டு முறையில் அடங்கிவிடும் என்று ஒரு கருத்தை முன்வைத்தார். அவருடைய மாணவர் க்ளேனி அதை நம்பவில்லை. மூலைவிட்டம் போட்டால் அந்த முறைக்கு வெளியே ஒன்று வந்து விழும், கதை முடிந்தது என்று நினைத்தார். போட்டுப் பார்த்தார். விழவில்லை. ஒரே இரவில் அந்தக் கருத்தின் ஆதரவாளராக மாறிவிட்டதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

ஏன் விழவில்லை? எல்லாப் புரோகிராம்களையும் பட்டியலிடுங்கள். ஓர் எண்ணைக் கொடுத்தால், பட்டியலில் அந்த இடத்தில் இருக்கும் புரோகிராமுக்கு அந்த எண்ணையே கொடுத்து ஓட்டி, வரும் விடையோடு ஒன்றைக் கூட்டித் தரும் ஒரு புதிய புரோகிராமை எழுதுங்கள். இதுவும் புரோகிராம்தானே, பட்டியலில் எங்கோ இருக்கும். 50ஆவது இடத்தில் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு 50ஐக் கொடுத்தால்? தன் விடையே தன் விடையைவிட ஒன்று அதிகமாக இருக்க வேண்டும். நடக்காத காரியம்தான், விடை என்று ஒன்று வந்தால். விடையே வராமல் அது ஓடிக்கொண்டே இருந்தால் எந்த முரண்பாடும் இல்லை. உள்ளேயும் விழாமல், வெளியேயும் விழாமல், மூலைவிட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. கோடல் 1946இல் ஆற்றிய உரையில் இதை ஒருவகை அற்புதம் என்றே சொன்னார். நிரூபணம், வரையறை என்று மனிதன் வகுத்த வேறு எந்த எல்லையையும் மூலைவிட்டம் தாண்டிவிடுகிறது, கணிக்கத்தக்கது என்ற இந்த ஒரு எல்லையை மட்டும் தாண்டவில்லை.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன், உங்கள் தொழில் சார்ந்ததே. ஒரு சின்ன மொழியை வகுத்துக்கொள்ளுங்கள்: கூட்டல், கழித்தல், மதிப்பை மாற்றி வைப்பது, அப்புறம் எத்தனை முறை சுற்றவேண்டும் என்பது நுழையும்போதே முடிவாகிவிடும் ஃபார் லூப். ஒரு நிபந்தனை இருக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும் வைல் லூப் கிடையாது, மறுசுழல் அழைப்பு கிடையாது, எண்ணின் அளவுக்கு வரம்பும் கிடையாது. இந்த மொழியில் எழுதும் எந்தப் புரோகிராமும் கட்டாயம் நிற்கும். இப்போது இந்த மொழிக்கு ஓர் இன்டர்பிரெட்டரை, அதாவது இதில் எழுதிய எந்தப் புரோகிராமையும் வாங்கி ஓட்டிக் காட்டும் புரோகிராமை, இதே மொழியில் எழுத முயன்று பாருங்கள். முடியாது, முடிந்தால், இந்த மொழியில் உள்ளவற்றையே ஓட்டி ஒன்றைக் கூட்டித் தரும் அந்தப் புரோகிராமையும் இதே மொழியில் எழுதிவிடலாம். இங்கே எல்லாம் நிற்பவை என்பதால் சுழன்றுகொண்டே இருந்து தப்பிக்க வழியில்லை, ஐம்பதாவது கட்டத்தில் மாட்டிக்கொள்வோம். காரணம் தெரிந்தாலும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். உள்ளே உள்ளே அடுக்கிய ஃபார் லூப்களை ஓட்ட வேண்டிய இடத்துக்கு வரும்போது, ஒரு வைல் லூப் இருந்தால் தேவலை என்று கை தானாகத் தேடும். அது எந்த வரியில் என்று குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.